பிள்ளையின் நேரமும் வீட்டாரின் பங்கும்: பதின்ம வயதினருக்கு முன்னுரிமையையும் பேசித் தீர்ப்பதையும் கற்றுத்தரும் முறை

தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்புக்குள் நுழையும் ஜூன் மாதத்தில் பல வீடுகளின் சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டப்படுகிறது. காலை ஐந்து மணிக்கு எழுவதில் தொடங்கி இரவு பதினோரு மணிக்குப் படுப்பது வரை அரைமணி அரைமணியாகப் பிரித்து, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நிறம் தீட்டி எழுதப்படும் அந்தத் தாளை ஜூலை பாதிக்கு மேல் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெற்றோர் இதற்குச் சோம்பல் என்று பெயர் வைக்கிறார்கள். பிள்ளையும் சில நாளில் அதையே நம்பத் தொடங்கிவிடுகிறது. ஆனால் அட்டவணையில் எழுதப்பட்ட நேரம் முழுவதும் பிள்ளைக்கு மட்டும் சொந்தமானதன்று என்பதை எழுதியவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆறரை மணிக்குத் தண்ணீர் பிடிக்கக் கூப்பிடும் அம்மா, வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசியில் வீட்டுப்பாடம் பார்க்க வேண்டிய தம்பி, கூடத்தில் எட்டு மணிக்குத் தொடர் பார்க்கும் பாட்டி, திடீரென்று ஞாயிற்றுக்கிழமை சிறப்பு வகுப்பு வைக்கும் டியூஷன் ஆசிரியர் ஆகிய எல்லோருக்கும் அந்த நேரத்தில் பங்கு இருக்கிறது. ஆகவே எதை முதலில் செய்வது என்று பிள்ளைக்குக் கற்றுத்தருகிறவர், மற்றவர்களோடு பேசி இரு தரப்புக்கும் ஒத்துவரும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளவும் கூடவே கற்றுத்தர வேண்டும். முதலாவதை மட்டும் கற்றுக்கொண்ட பிள்ளை வீட்டோடு சண்டை போடும். இரண்டாவதை மட்டும் கற்றுக்கொண்ட பிள்ளை எல்லோருக்கும் நல்லவனாக இருந்து தன் வேலையைக் கோட்டைவிடும்.

இந்தக் கட்டுரை பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும், அவர்களுக்கு வகுப்பாசிரியராக முதன்முறை பொறுப்பேற்பவர்களுக்கும் எழுதப்படுகிறது. பள்ளி திறக்கும் ஜூன், அல்லது காலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறை, இதைத் தொடங்க ஏற்ற காலம். பொதுத்தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும் பிப்ரவரியில் புதிய பழக்கம் எதையும் தொடங்க வேண்டாம். அப்போது இருக்கும் பழக்கத்தைக் கலைக்காமல் இருப்பதே பேருதவி.

முதல் படி: ஒரு வாரத்தைக் கணக்கெடுத்தல்

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு பழைய நோட்டில், நாள் எப்படிப் போனது என்பதைப் பிள்ளையே இரவில் ஐந்து நிமிடம் எழுதட்டும். இதில் பெற்றோருக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு, அதுவும் கடினமானது: அந்த நோட்டைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்காமல் இருப்பது. கேள்வி கேட்கப்படும் என்று தெரிந்தால் மறுநாளே அதில் பொய் எழுதப்படும்.

வாரத்துக்கு 168 மணி நேரம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை கூறுகிறது. குறைந்த அளவான எட்டையே எடுத்துக்கொண்டாலும் வாரத்துக்கு 56 மணி நேரம் போய்விடுகிறது. பள்ளியும் போக்குவரத்தும் சேர்ந்து சுமார் 50, சாப்பாடு, குளியல் போன்றவற்றுக்கு 17, டியூஷனுக்கு 12 என்று வைத்தால் 135 ஆகிறது. மிச்சம் 33 மணி நேரம். சொந்தமாக உட்கார்ந்து படிப்பது, விளையாட்டு, வீட்டு வேலை, கோயில், உறவினர் வீட்டு விசேஷம், கைப்பேசி எல்லாம் இந்த 33க்குள்தான் அடங்க வேண்டும். நாளுக்கு மூன்று மணி நேரம் கைப்பேசியில் போகிறது என்றால் 21 கழிந்து 12தான் எஞ்சும். இந்தக் கழித்தலைப் பிள்ளையே தன் நோட்டில் போட்டுப் பார்ப்பதன் பலன் பெரியவர்கள் சொல்லும் எந்த அறிவுரையிலும் இல்லை. அதே கணக்கு பெற்றோருக்கும் ஒன்றைக் காட்டும்: 'நாள் முழுக்க என்ன செய்கிறாய்' என்று கேட்கிறோமே, அந்த நாளில் பிள்ளையின் கையில் இருப்பது ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு.

காலையில் எழ முடியவில்லை என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். வளரிளம் பருவத்தில் உடலின் உள்கடிகாரம் தாமதமாகிறது. இரவு தூக்கம் வர நேரமாகிறது, காலை விழிப்பும் தள்ளிப்போகிறது. பிடிவாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நான்கு மணிக்கு எழுப்பி உட்கார வைத்துப் படிக்கச் சொல்லும் நம் வழக்கம், முந்தைய இரவு எட்டு மணிக்கே தூங்கிவிடும் பிள்ளைக்குத்தான் பொருந்தும். அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் அதிகம் இல்லை.

இரண்டாம் படி: முக்கியம் வேறு, அவசரம் வேறு

அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவர் 1954 ஆகஸ்டில் இவான்ஸ்டன் நகரில் பேசியபோது, முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாக, அவசரமான சிக்கல்கள் முக்கியமானவையாக இருப்பதில்லை, முக்கியமானவை அவசரமானவையாக இருப்பதில்லை என்ற கருத்தைக் குறிப்பிட்டார். பின்னாளில் இதுவே நான்கு கட்டங்களாக வரையப்பட்டு மேலாண்மை வகுப்புகளில் பாடமாயிற்று. பிள்ளையின் வாரத்துக்கு அதைப் பொருத்தினால் இப்படி வரும். நாளை கையெழுத்து வாங்க வேண்டிய வேதியியல் ரெக்கார்டு நோட்டு முக்கியமும் அவசரமும் ஆனது. எட்டாம் வகுப்பிலேயே விட்டுப்போன பின்னக் கணக்கைச் சரிசெய்வது, தூக்கம், வாரம் மூன்று நாள் ஓடுவது ஆகியவை முக்கியம், ஆனால் ஒருநாளும் அவசரமாகத் தோன்றாதவை. வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் செய்தி அவசரமாக ஒலிக்கும், பெரும்பாலும் முக்கியமில்லை. நான்காவது கட்டத்தில் முடிவே இல்லாமல் ஓடும் குறுங்காணொளிகள் வரும்.

இந்தப் பிரிப்பில் இரண்டாவது வகைதான் எப்போதும் பலியாகும். கையெழுத்து, இறுதி நாள், திட்டு என்று எதுவும் அதற்கு இல்லாததே காரணம். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புரியாததற்குப் பல நேரம் எட்டாம் வகுப்பு இயற்கணிதமே காரணமாக இருக்கும். அதைத் திரும்பப் படிக்க எந்தப் பள்ளியும் நேரம் ஒதுக்காது. ஆகையால் பிள்ளையிடம் ஒவ்வொரு வாரமும் கேட்க வேண்டிய கேள்வி, 'யாரும் கேட்காவிட்டாலும் இந்த வாரம் நீ செய்ய வேண்டியது என்ன' என்பதுதான்.

எது முக்கியம் என்பது பிள்ளை எங்கே போக விரும்புகிறது என்பதைப் பொறுத்தது; இதைப் பேசாமல் முன்னுரிமை பேசுவதில் பயனில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் மொத்தம் 600 மதிப்பெண் இருந்தாலும், அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளுக்கான பொறியியல் கலந்தாய்வில் பார்க்கப்படுவது கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப். மருத்துவம் விரும்புகிறவருக்கு நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணே வாசல். அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் 2020 முதல் நடைமுறையில் இருக்கும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அவருக்கு உண்டு என்பதையும் குடும்பம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். தமிழ் இலக்கியம் படிக்க விரும்பும் பிள்ளை தமிழ்த்தாளை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைப்பது வேடிக்கையான முரண், ஆனால் 'லாங்குவேஜ்தானே' என்று வீட்டாரே அதை அப்படி வைக்கச் சொல்வதைப் பார்க்கிறோம். விளையாட்டில் மாநில அளவுக்குப் போகக்கூடியவருக்குப் பயிற்சி நேரம் வீண் நேரம் ஆகாது; கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கீடே இருக்கிறது. பிள்ளை எங்கேயும் போக விரும்பாத, எதுவும் முடிவாகாத நிலையில் இருந்தால், அதுவும் இயல்புதான். அப்போது கதவுகளை அடைக்காத பாடங்களை முதலில் வைக்கச் சொன்னால் போதும்.

இந்தப் பிரிப்பைப் பெற்றோர் செய்து கொடுக்கக் கூடாது. பிள்ளை தவறாகப் பிரித்தாலும் ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு, வாரக் கடைசியில் என்ன ஆயிற்று என்று பார்ப்பது நல்லது. தீர்மானிக்கும் திறன் வேறு எந்த வழியிலும் வளர்வதாகத் தெரியவில்லை.

மூன்றாம் படி: வாரத்தில் இடம் கொடுத்தல்

வாரத்துக்கு மூன்று முக்கிய வேலைகள் போதும். ஏழு எட்டு எழுதினால் எதுவும் நடக்காது. அந்த மூன்றுக்கும் நாளும் நேரமும் இடமும் சேர்த்து எழுத வேண்டும். 'கணக்கு நிறையப் போட வேண்டும்' என்பது வெறும் விருப்பம். 'செவ்வாய் மாலை டியூஷனிலிருந்து வந்து காபி குடித்து முடித்ததும் மாடி அறையில் பத்துக் கணக்குப் போடுவேன்' என்பதில் திட்டம் இருக்கிறது. இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே இணைத்துவைப்பது நோக்கம் நிறைவேறும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் 1990களிலிருந்து காட்டிவருகின்றன.

நேர மதிப்பீட்டில் எல்லோரும் ஏமாறுகிறோம், பிள்ளைகள் சற்றுக் கூடுதலாக ஏமாறுகிறார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதி முடிக்க எத்தனை நாளாகும் என்று உளவியல் மாணவர்களிடம் கேட்டபோது அவர்களின் சராசரிக் கணிப்பு சுமார் 34 நாளாக இருந்தது; உண்மையில் சராசரியாக 55 நாள் ஆயிற்று. ஆகவே பிள்ளை ஒரு மணி நேரம் என்று எழுதினால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு மாலையை, குறிப்பாக ஞாயிறு மாலையை, வெறுமையாக விட்டுவைக்கச் சொல்லுங்கள். திருமண வரவேற்பும் காய்ச்சலும் மின்தடையும் எதைத் தள்ளிவிட்டாலும் அது அங்கே வந்து சேரும்.

படிக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு பாடத்தை ஒரே இரவில் ஐந்து மணி நேரம் படிப்பதை விட, ஐந்து நாளில் ஒவ்வொரு மணி நேரமாகப் பிரித்துப் படிப்பதே நீண்ட நாள் நினைவில் நிற்கும். மீண்டும் மீண்டும் வாசிப்பதை விடப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது பலன் தரும். இவ்விரண்டும் பலமுறை சோதித்து உறுதி செய்யப்பட்டவை.

நான்காம் படி: கேட்பதற்குப் பின்னால் இருக்கும் தேவையைத் தேடுதல்

அட்டவணை உடையும் இடம் இதுதான், ஆகவே இங்கே நிதானமாகச் செல்ல வேண்டும்.

மேரி பார்க்கர் ஃபாலட் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1925இல் ஆற்றிய உரையொன்றில், முரண்பாட்டைத் தீர்க்க மூன்று வழிகள் இருப்பதாகச் சொன்னார். ஒருவர் மற்றவரை அடக்கி வெல்வது ஒன்று. இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இருவருமே அரைமனதோடு எழுவது இன்னொன்று. இருவருடைய உண்மையான தேவையும் நிறைவேறும்படி புதிய ஏற்பாடு ஒன்றைக் கண்டுபிடிப்பது மூன்றாவது. அவர் தந்த எடுத்துக்காட்டு எளிமையானது. ஹார்வர்டு நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் அவர் ஜன்னல் மூடியிருக்க வேண்டும் என்றார். இன்னொருவர் திறக்க வேண்டும் என்றார். யாரும் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டாதது நேராக முகத்தில் அடிக்கும் வடகாற்று. மற்றவருக்கு வேண்டியது அறைக்குள் கொஞ்சம் காற்று. யாரும் எதையும் இழக்கவில்லை.

நம் வீடுகளில் பெரும்பாலும் முதல் வழிதான் நடக்கிறது, நல்ல நாளில் இரண்டாவது. 'சரி, ஒன்பதுக்குப் பதில் ஒன்பதரைக்குக் கைப்பேசியைக் கொடு' என்பது இரண்டாவது வழி. ஒன்பதரைக்கு மறுபடி அதே சண்டை வரும். மூன்றாவதை அடைய, இரு தரப்பும் தாங்கள் கேட்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, ஏன் கேட்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். கைப்பேசிச் சண்டையையே எடுத்துக்கொள்ளலாம். அப்பாவிடம் ஏன் என்று கேட்டால் முதலில் 'படிப்பு கெடுகிறது' என்பார். இன்னும் ஒருமுறை கேட்டால், இரவு பன்னிரண்டு மணிக்கும் பிள்ளையின் அறையில் வெளிச்சம் தெரிவதும், யாரோடு பேசுகிறது என்று தெரியாததும் தன்னைப் பயமுறுத்துவதாகச் சொல்வார். பிள்ளையிடம் கேட்டால் முதலில் 'டவுட் கேட்க வேண்டும்' என்று வரும். பிறகு, எல்லோரும் பேசும் நேரத்தில் தான் மட்டும் இல்லாவிட்டால் மறுநாள் வகுப்பில் தனித்துவிடப்படுவேன் என்ற உண்மை வரும். இப்போது எதிரெதிரே நிற்பவை தூக்கமும் பாதுகாப்பும் ஒரு பக்கம், நட்பு மறுபக்கம். இவை ஒன்றுக்கொன்று பகையல்ல. எட்டு முதல் ஒன்பது வரை தடையில்லாத பேச்சு நேரம், பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும், அப்பாவுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜில் கிடப்பது, காலையில் எழுப்ப ஒரு சாதாரணக் கடிகாரம் என்று ஓர் ஏற்பாடு பிறக்கலாம். அப்பாவின் கைப்பேசி கூடத்துக்கு வராத வீட்டில் இந்த ஏற்பாடு ஒரு வாரம்கூட நிற்காது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைக்கு இந்தப் பேச்சின் வரிசையைப் பழக்க வேண்டும். நேரம் பார்த்துக் கேட்பது. எதிர்த்தரப்பின் கவலையைத் தானே முதலில் சொல்வது. பிறகு தன் தேவையைச் சொல்வது. இரண்டு மூன்று வழிகளை முன்வைப்பது. ஒன்றை இரண்டு வாரத்துக்கு மட்டும் முயன்று பார்க்கலாம் என்று கேட்பது. இதில் எதிர்த்தரப்பின் கவலையை முதலில் சொல்வதுதான் மிகக் கடினம், அதிகப் பலன் தருவதும் அதுவே. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள் தன் தாயிடம் இப்படிப் பேசலாம்:

'அம்மா, நீ வேலைக்குப் போயிட்டு வந்து நிக்கிறப்ப சிங்க் நிறையப் பாத்திரம் கிடந்தா உனக்கு எரிச்சலா இருக்கு, அது எனக்குப் புரியுது. எனக்கு ஏழுலேர்ந்து எட்டரை வரைக்கும்தான் தலைக்குள்ள கணக்கு ஏறுது. அந்த நேரத்துல எழுந்தா அப்புறம் உட்காரவே முடியல. காலையில நான் ஆறு மணிக்கு எழுந்து பாத்திரம் முழுக்க முடிச்சிடவா? இல்ல, ராத்திரி தம்பி தேய்ச்சு வைக்கட்டும், நான் கழுவி அடுக்குறேன். ரெண்டு வாரம் பாக்கலாமா?'

இந்தப் பேச்சில் கெஞ்சலும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. இதில் தம்பியின் பெயர் வந்திருப்பது தற்செயலன்று. வீட்டு வேலை மகளுக்கும் விளையாட்டு மகனுக்கும் என்று பிரித்துவைத்திருக்கும் வீட்டில், மகளின் 33 மணி நேரம் உண்மையில் 20 மணி நேரமாகத்தான் இருக்கும். முன்னுரிமை பற்றி அவளுக்கு வகுப்பெடுப்பதற்கு முன், வேலையைப் பங்கிடுவது பெற்றோர் செய்ய வேண்டிய முதல் காரியம். பங்கிட்ட பிறகு மகனுக்கும் இதனால் நன்மை உண்டு: மூன்றாண்டு கழித்து விடுதிக்குப் போகும்போது தன் தட்டையும் துணியையும் கவனித்துக்கொள்ளத் தெரிந்தவனாகப் போவான்.

பெற்றோருக்கும் இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளை மரியாதையாகக் காரணம் சொல்லிக் கேட்டதற்கு 'எதிர்த்துப் பேசுகிறாய்' என்று ஒருமுறை பதில் வந்துவிட்டால், அடுத்தமுறை அது கேட்காது, மறைக்கும். உடனே ஒப்புக்கொள்ள முடியாவிட்டால், 'யோசித்து நாளைக்குச் சொல்கிறேன்' என்று சொல்லி, மறுநாள் நினைவாகச் சொல்லிவிடுங்கள். மறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, காரணம் இருந்தால் போதும்.

ஐந்தாம் படி: நண்பரும் போட்டியாளரும்

'நோட்ஸை யாருக்கும் கொடுக்காதே' என்று சொல்லும் பெற்றோர் உண்டு. பொதுத்தேர்வில் மதிப்பெண் விடைத்தாளுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. பக்கத்து இருக்கைப் பிள்ளை 95 வாங்கினால் உங்கள் பிள்ளையின் 92 குறையாது. நீட் போன்ற தரவரிசைத் தேர்வில் போட்டி உண்மையானது, ஆனால் அதை எழுதுகிறவர்கள் நாடு முழுவதும் 20 லட்சத்துக்கும் மேல்; அவர்களில் ஒரே ஒரு தோழியிடம் மறைப்பதால் தரவரிசையில் என்ன மாறிவிடும்? மறுபுறம், ஒருவருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் நமக்கு எங்கே புரியவில்லை என்பது தெரிகிறது. ஆகவே சேர்ந்து படிப்பதில் சொல்லிக்கொடுப்பவருக்கே முதல் லாபம்.

சேர்ந்து படிப்பது அரட்டையாகிவிடாமல் இருக்க, ஒரு முறை உண்டு. சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், இனப் பிரிவினை நீக்கப்பட்ட பிறகு மாணவரிடையே எழுந்த பகையைத் தணிக்க ஒரு வகுப்பு முறையை வகுத்தார். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவரும் ஒரு துண்டைப் படித்துவந்து மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். ஒருவர் சொன்னால்தான் மற்றவருக்கு முழுப் பாடமும் கிடைக்கும். நான்கு நண்பர்கள் சனிக்கிழமை உயிரியலில் ஒரு பாடத்தை நான்காகப் பிரித்துக்கொண்டு இதைச் செய்யலாம். வகுப்பாசிரியர்கள் செயல்திட்டப் பணிகளுக்கு இதைப் பின்பற்றினால், ஒருவர் செய்ய மூவர் பெயர் போடும் வழக்கமும் பெருமளவு குறையும்.

எல்லா நட்பும் இப்படி அமைவதில்லை. எப்போதும் வாங்கிக்கொண்டு எதையும் தராத நண்பர், தேர்வில் காட்டச் சொல்லும் நண்பர், நாம் வரவில்லை என்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் நண்பர் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். இரு தரப்புக்கும் நன்மை தரும் வழி தென்படாதபோது, உடன்பாடே வேண்டாம் என்று விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். மறுக்கும் வாக்கியத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்வது கூச்சமுள்ள பிள்ளைக்குப் பேருதவி: 'இன்னைக்கு முடியாதுடா, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றேன்' என்பதில் மறுப்பும் இருக்கிறது, நட்பும் இருக்கிறது. தேவைப்பட்டால் 'எங்கப்பா விடமாட்டார்' என்று உங்கள் தலையில் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளவும் அனுமதி கொடுங்கள். வில்லனாக நடிப்பது பெற்றோர் செய்யக்கூடிய மலிவான உதவி.

ஆறாம் படி: பேச்சுக்கு அப்பாற்பட்டவை

பேசித் தீர்க்கும் வீட்டிலும் பேச்சுக்கு இடமில்லாத சில விஷயங்கள் இருக்க வேண்டும். அவை எவை என்பது முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டும். இருசக்கர வண்டி அவற்றுள் ஒன்று. கியர் உள்ள வண்டிக்கு உரிமம் பெறப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் பெற முடியாது. டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்பது இதற்குக் காரணமாகாது. ஆனால் டியூஷனுக்கு எப்படிப் போவது என்பதைத் தாராளமாகப் பேசலாம்: சைக்கிள், நண்பரின் அப்பாவோடு முறைவைத்து அழைத்துப்போவது, பக்கத்திலேயே வேறு ஆசிரியர் என்று வழிகள் இருக்கும். போதைப்பொருள், பிறரை அவமானப்படுத்தும் படங்களைப் பகிர்வது, தூக்கத்தை முழுமையாகக் கெடுப்பது ஆகியவையும் இதே பட்டியலில் வரும். பட்டியல் குறுகியதாக இருக்கட்டும். தலைமுடி எப்படி வெட்டுவது என்பதையெல்லாம் இதில் சேர்த்தால், உண்மையில் முக்கியமானவற்றுக்கும் மதிப்பு போய்விடும்.

ஏழாம் படி: வாரம் ஒருமுறை இருபது நிமிடம்

ஞாயிறு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் போதும். போன வாரத்து மூன்று வேலைகளில் எது நடந்தது, எது நடக்கவில்லை, எது தடுத்தது, வரும் வாரத்தில் யாருக்கு என்ன இருக்கிறது என்று பேசுங்கள். 'எது தடுத்தது' என்று கேட்பதற்கும் 'ஏன் செய்யவில்லை' என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னது தடையைத் தேடச் சொல்கிறது, பின்னது சாக்குச் சொல்ல வைக்கிறது. பெற்றோரும் தங்கள் வாரத்தைச் சொல்ல வேண்டும். புதன்கிழமை அம்மாவுக்கு இரவுப் பணி என்பது பிள்ளைக்கு முன்பே தெரிந்தால், அன்று தானே தோசை ஊற்றிக்கொள்ளும். தெரியாவிட்டால் அன்று சண்டை வரும்.

மூன்றாவது வாரம் எல்லாம் சரியும். பொதுவாக ஒரு திருமணமோ ஒரு தேர்வோ ஒரு கிரிக்கெட் தொடரோ காரணமாக இருக்கும். அப்போது அட்டவணையைக் கிழித்துப் புதிதாக எழுத வேண்டாம். மூன்று வேலைகளை ஒன்றாகக் குறைத்து, அந்த ஒன்றை மட்டும் ஒரு வாரம் செய்யச் சொல்லுங்கள். ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள் தொடங்கிய பிறகு முக்கியமும் அவசரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால் பிரிக்கும் வேலை குறையும், வீட்டாரோடு பேசும் வேலை கூடும். விருந்தினர் வருகை, தொலைக்காட்சி ஒலி, கோயில் பயணம் ஆகியவற்றை மார்ச் முடியும் வரை எப்படி வைத்துக்கொள்வது என்று குடும்பமாக அப்போதே முடிவெடுத்துவிடலாம்.

சரிவு வேறு, உடைவு வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, சாப்பாட்டில் விருப்பமின்மை, நண்பர்களிடமிருந்தும் விலகல், எதற்கும் பயனில்லை என்ற பேச்சு ஆகியவை தொடர்ந்தால் அங்கே முன்னுரிமைப் பாடம் உதவாது. மருத்துவரை அணுக வேண்டும். வாழ விருப்பமில்லை என்ற பொருளில் ஒரு சொல் வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே பேச வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த மூன்றையும் பிள்ளையின் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் இப்போதே பதிந்துவைத்துவிடலாம்; எதற்காக என்று பிள்ளை கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வு முடியும்போது ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை நடத்தும் பொறுப்பு பிள்ளையின் கைக்கு மாறியிருக்க வேண்டும்: நோட்டை எடுப்பதும், கேள்வியைத் தொடங்குவதும், அப்பாவிடம் 'உங்களுக்கு இந்த வாரம் என்னப்பா இருக்கு' என்று கேட்பதும் அதன் வேலையாக இருக்கட்டும். முதல் சில வாரம் மறந்துபோகும். நீங்கள் நினைவூட்டலாம், ஆனால் நோட்டைக் கையில் எடுக்காதீர்கள்.